ஏடு தேடி வந்த துறவி

காஞ்சி மாநகரின் சிறப்பையும் ஹர்ஷருடைய தான தருமங்களையும் எழுதிவைத்த சீன யாத்திரிகர் என்றே யுவான் சுவாங்கை நம் பள்ளிச் சரித்திரப் புத்தகங்கள் அறிமுகம் செய்கின்றன. அந்த யாத்திரை நூலை அவர் 646-இல் தம் நாட்டுச் சக்கரவர்த்தியின் ஆக்ஞைக்கு இணங்கியே தொகுத்தளித்தார் என்பதும், அவருடைய உள்ளம் முழுவதையும் கவர்ந்திருந்தவை புத்த பகவானுடைய ஆகமங்களே என்பதும் பலர் கருத்திற்கு எட்டுவதில்லை.

இளமையிலேயே துறவு பூண்டு ஆசாரியர் பலரிடம் பாடங் கேட்ட அவருக்கு, ஒரே சாஸ்திரத்திற்கு ஒருவர் உரைத்த பொருள் மற்றொருவர் உரைத்ததோடு முரண்பட்டது தீராத வேதனையாயிற்று. மூலத்தைக் கண்டாலன்றி அமைதியில்லை என்று துணிந்து, எல்லை கடக்கலாகாதென்ற அரச தடையையும் மீறிப் புறப்பட்டவர், பாலைவனத்தின் நடுவே தண்ணீர்ப் பை கைதவறிக் கவிழ்ந்துவிடவே சிறிது தூரம் கிழக்கே திரும்பினார்; எனினும், பாரதத்தை அடையாமல் கீழ்த்திசையில் ஓரடியும் வைப்பதில்லை என்று செய்த சங்கற்பம் நினைவுக்கு வர, குதிரையை மீண்டும் மேற்கே செலுத்தினார். நான்கு இரவும் ஐந்து பகலும் நாவில் ஒரு துளி நீர் படவில்லையென்று சீடர் எழுதிய சரிதம் கூறுகிறது.

பாரதத்தை அடைந்தபின், நாலந்தா விகாரையில் வயோதிகரான ஆசாரியர் சீலபத்திரரின் திருவடியில் அமர்ந்து யோகாசார பூமி சாஸ்திரத்தை மும்முறை கேட்டார். அதன் பின்னரும் ஆவல் தணியாமல், சிங்களத்தில் அதில் வல்லவர் உளரென்று கேள்வியுற்றுக் காஞ்சிவரை வந்தார். ஆங்கு வந்திருந்த சிங்களத்துப் பிக்ஷுக்கள் சீலபத்திரருக்கு மேல் அறிந்தவரல்லர் என்று தெளிந்த பிறகே கடல் கடக்கும் எண்ணத்தை விட்டார்.

திரும்புகையில் சிந்து நதியில் ஓடம் அலைப்புண்டு, 50 சுவடிகள் வெள்ளத்தோடு போயின. உயிர் பிழைத்ததே போதுமென்று மேலே செல்லாமல், கரையில் ஐம்பது நாட்களுக்கு மேல் தங்கி, ஆள் அனுப்பிப் பிரதி எழுதுவித்தார். 645-இல் 657 நூல்களை இருபது குதிரைகளின் மேல் ஏற்றிக்கொண்டு தலைநகரை அடைந்தார்.

அரசாங்கப் பதவியை மறுத்து மொழிபெயர்ப்பில் இறங்கிய அவருடைய அன்றாட வாழ்வுதான் எனக்கு அந்த நெடும் பிரயாணத்தினும் அரியதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் இவ்வளவு என்று வகுத்துக்கொள்வார். பகலில் இடையூறு நேர்ந்தால் இரவு இரண்டாம் ஜாமம்வரை எழுதி முடித்து, பகவானை வணங்கியபின் சிறிது கண்ணயர்வார். விடியுமுன் எழுந்து வடமொழி மூலத்தை வாய்விட்டு வாசித்து, அன்றைய பகுதியைச் சிவப்பு மையால் குறித்துவைப்பார். மகா பிரக்ஞாபாரமிதையைத் தொடங்கியபோது, அதன் பெருக்கத்துக்கு அஞ்சிய சீடர்கள் கூறியது கூறலை நீக்கிச் சுருக்கும்படி வேண்டினர். அவரும் முதலில் இசைந்தார். ஆனால் அன்றிரவு கண்ட கொடுங்கனவுகளால் நடுங்கி, ஒரு சொல்லும் விடுவதில்லையென்று உறுதி பூண்டார். 660-இல் தொடங்கிய அப்பணி, 600 சுருள்களாக 663-இல் முற்றுப்பெற்றது.

அடுத்து ரத்தினகூட சூத்திரத்தையும் பெயர்க்குமாறு சீடர்கள் வேண்டியபோது, சில வரிகளே எழுதி, உடலில் வலிமை எஞ்சவில்லையென்று சொல்லிச் சுவடியைக் கட்டிவைத்தார். 664-இன் தொடக்கத்தில் அவர் மறைந்தார். ரத்தினகூடத்தின் பெருந்தொகுதியை 713-இல் போதிருசி என்ற மற்றொரு துறவி நிறைவுசெய்தார்.