பழைய வீட்டு ஒலிபெருக்கிகளின் ஜீர்ணோத்தாரணம்

வானொலிப் பெட்டியிலும் ரேடியோகிராமிலும் தனி மரப்பெட்டிகளிலும் அமைந்து, பல்லாண்டு உபயோகத்தாலும் சீதோஷ்ணத்தாலும் நாதம் குன்றிப்போன ஒலிபெருக்கிகளை, அவற்றைச் செய்தவர் கருதிய நிலைக்கு மீட்பதும், அந்நிலை கெடாத அளவிற்கு மேம்படுத்துவதுமே இத்தொழில். மலேசியத் தமிழர் பேச்சில் இக்கருவி ‘ஸ்பீக்கர்’ எனப்படும். ஆம்ப்ளிஃபையரையும் ஒலிபெருக்கி எனக் கூறுவோர் உண்டாகலின், இக்கட்டுரையில் அச்சொல் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றும் கருவியை மட்டுமே குறிக்கும் எனக் கொள்க.

ஈப்போவிற்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், பேராக் மாநிலக் கோலகங்சார் மாவட்டத்தில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த சுங்கை சிப்புட்டில் ஒலிபெருக்கியின் சரித்திரம் வானொலியின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கிய ரேடியோ மலாயா தமிழிலும் ஒலிபரப்பியது. இன்று மின்னல் எஃப்.எம். என வழங்கும் நிலையம் அத்தமிழ்ப் பிரிவின் வாரிசாகும். 1948 ஜூன் 16ஆம் தேதி இவ்வூரை அடுத்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று; அதன்பின் அரசாங்கம், தன் செய்திகள் குடிமக்களை எட்டவேண்டிப் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கத்தின் கருத்து எதுவாயினும், லயத்து மக்கள் அப்பெட்டிகளின் முன் அமர்ந்தது பெரும்பாலும் பாட்டைக் கேட்கவே. வசதி பெருகப் பெருக வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. அவற்றுள் எஞ்சியவையே இன்று பழுதுபார்க்கும் மேசைக்கு வருகின்றன.

கருவியின் தத்துவம் எளிது. காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருள், மின்னோட்டத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய காகிதக் கூம்பை அசைக்க, கூம்பு காற்றை அசைக்கிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட இவ்வமைப்பே இன்றளவும் நிலைபெற்றுள்ளது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையமும், சுருளை நடுவில் நிறுத்தும் ‘ஸ்பைடர்’ என்னும் மடிப்புத் துணியும் பார்வைக்கு அற்பமாயினும், கூம்பு தடையின்றியும் தடம் பிறழாமலும் இயங்குவது இவ்விரண்டாலேயே. யுத்தத்திற்கு முற்பட்ட வானொலிகள் சிலவற்றில் நிலைக்காந்தம் இராது. மின்காந்தச் சுருளே இருக்கும். அச்சுருள் பெட்டியின் மின்வழங்கியில் சோக்காகவும் பணிபுரிவதால், அதனை எடுத்துவிட்டுப் புதிய ஒலிபெருக்கியை வைத்தால் வானொலியே ஊமையாகிவிடும். அத்தகைய பெட்டியைத் திறப்பவர், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் கப்பாசிட்டர்களில் அபாயமான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

பேராக்கில் இக்கருவிகளின் முதற் பகைவன் ஈரம். ஆண்டு முழுதும் மழையும் வெக்கையும் மாறிமாறி நிலவும் இப்பிரதேசத்தில் காகிதக் கூம்பில் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தூள் பலகைப் பெட்டி அடியில் உப்பும். கரையானும் கரப்பானும் தம் பங்கைக் கொள்ளும். ஆயினும் பெருங்கேடு விளிம்பு வளையத்திலேயே நேர்கிறது. 1970-களில் பரவலான நுரைப்பஞ்சு வளையம், காற்றின் ஈரத்தை ஏற்று ரசாயன மாறுதலடைந்து, பத்து இருபது ஆண்டுகளில் விரல் பட்ட மாத்திரத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடுகிறது. ரப்பர் வளையமோ பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட நாற்றுகளிலிருந்து பால்மரத் தொழிலைக் கண்ட இம்மாவட்டத்தார், ரப்பர் என்றவுடன் தம் தோட்டத்துப் பாலை நினைப்பது இயல்பு. எனினும் இயற்கை ரப்பர் வெளிச்சத்தாலும் ஓசோனாலும் வெடிக்கும் சுபாவமுடையதாகலின், தயாரிப்பாளர் பலர் பியூட்டைல் முதலிய செயற்கை ரப்பரையே கொண்டனர்.

நுரைப்பஞ்சு உதிர்ந்த இடத்தில் ரப்பரை ஒட்டிவிட்டால் நெடுங்காலம் உழைக்குமே என்று கருதுவோர் பலர். இக்கருத்து பிழையானது. ரப்பர் வளையம் பெரும்பாலும் எடை மிக்கது. அந்த எடை கூம்போடு சேர்ந்து, அது இயல்பாக அதிரும் எண்ணிக்கையைக் குறைத்து, ஒலியையும் மந்தமாக்கும். பெட்டியின் கொள்ளளவோ பழைய கூம்பிற்கே கணிக்கப்பட்டது. ஆகவே நுரைப்பஞ்சிற்கு நுரைப்பஞ்சே தகும். மீண்டும் ஒருமுறை மாற்ற நேரினும் அதுவே நேர்மையான வழி. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாக வழித்தெடுத்து, நடுவிலுள்ள தூசிமூடியைக் கழற்றி, சுருளுக்கும் காந்தத்தின் நடுக்கம்பத்திற்கும் இடையே மெல்லிய தாள் துண்டுகளைச் சுற்றிலும் செருகி மையம் பிடித்த பின்னரே புதிய வளையத்தை ஒட்டவேண்டும். பசை உலர்ந்ததும் துண்டுகளை உருவி, கூம்பை இருபுறமும் சமமாக அழுத்திப் பார்க்குங்கால் உராயும் ஓசை சிறிதும் கேளாதிருத்தல் வேண்டும்.

அடுத்தது மின்தடை. 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி மல்டிமீட்டரில் ஏறக்குறைய 6 ஓம் காட்டும், அது பழுதன்று. பழைய பிரிட்டிஷ் வகைகளுள் பல 15 ஓம் கொண்டவை. பிலிப்ஸ் நிறுவனமோ 1950-களின் பிற்பகுதியில், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத தன் வால்வு வானொலிகளுக்கு 800 ஓம் ஒலிபெருக்கிகளை அமைத்தது. அங்கே சாதாரண 8 ஓம் கருவியை மாட்டினால் ஒலி நலியும், வால்வும் கெடும். 800 ஓம் ஒலிபெருக்கியின் சுருள் அறுந்திருந்தால் அதே அளவில் மீண்டும் சுற்றுவிப்பதே முறை.

தனிப்பெட்டிகளில் தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் பிரித்தனுப்பும் கிராஸோவரில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து அளவு மாறும். அவற்றை அதே மைக்ரோஃபாரட் அளவுள்ள பாலிபுரொப்பிலீன் கப்பாசிட்டர்களால் மாற்றுவது நல்ல மேம்பாடு. புதியவற்றின் உள்தடை குறைவாதலால் உச்சசுரம் சற்றுக் கூர்மையாகக் கேட்கக்கூடும். அரை ஓம் முதல் ஓர் ஓம் வரையிலான ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து அதனைத் தணிப்பர். கிராஸோவரின் கம்பிச்சுருள்களைத் தொடவேண்டிய தேவை அநேகமாக எழாது.

மரப்பெட்டியில் விண்ட மூட்டுகளைப் பசையிட்டு இறுக்கி, காற்றுக் கசிவை அடைத்து, தரையிலிருந்து சற்று உயர்த்தி, சுவரை ஒட்டாது வைத்தல் போதும்.

பழைய பெட்டியில் புதிய ஒலிபெருக்கியைப் பொருத்தித் திருப்தியடைவோரும் உளர். ஆஸ்திரேலியரான தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து 1970-களில் ஸ்மாலும் வகுத்த கணித முறையினால் எக்கருவிக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டுமென்பது இன்று முன்கூட்டியே அறியத்தக்கது. அக்கணக்கைப் பாராமல் செய்யும் மாற்றம் நன்மை பயப்பது அரிது. முதலில் பழுதை நீக்கி, சில வாரங்கள் கேட்டுப் பழகிய பின்னரே மேம்பாட்டைப் பற்றி எண்ணவேண்டும். மரத்தில் புதுத் துளையிடுவதும் பழைய சட்டத்தை அறுப்பதும் கூடா. கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் ஓர் உறையிலிட்டு, தேதியும் அளவும் எழுதி, பின்னாளில் அப்பெட்டியைத் திறப்பவருக்காக அதனுள்ளேயே வைத்துவிடுக.