மறைந்த ஆடலை மீட்டல்

சிற்பி மறைந்த பின்னும் சிற்பம் நிலைத்து நிற்கும். புலவன் மறைந்த பின்னும் அவன் பாட்டு ஏட்டில் வாழும். ஆடற்கலையின் நிலை அஃதன்று. ஆடுவோரின் உடலே அதற்கு ஏடு. அவ்வுடல் தளர்ந்தொழியுமுன் பிறிதோர் உடலுக்குக் கைமாறாத ஆடல் அழிந்தேபோம். மேனாட்டுப் பலே நடனத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1913 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆந் திகதி, பாரிஸ் நகரின் சாம்ஸ் எலிசே அரங்கில் 'வசந்தச் சடங்கு' முதன்முறை ஆடப்பெற்றது. இசை ஸ்ராவின்ஸ்கியினது, ஆடலமைப்பு நிஜின்ஸ்கியினது, காட்சியும் உடையும் றோறிக்கினுடையவை. பாதங்களை உள்நோக்கித் திருப்பி, நிலம் அதிர மிதித்தாடிய அப்புதுமையைக் கண்டு அவையோர் எழுப்பிய கூச்சலில் இசையும் அமிழ்ந்தது. பாரிசிலும் இலண்டனிலுமாகப் பத்து முறைக்கும் குறைவாகவே ஆடப்பெற்று, அவ்வாடல் கைவிடப்பட்டது. 1920 இல் டியாகிலெவ் அதனை மீண்டும் அரங்கேற்ற விழைந்தபோது, அடிகளை நினைவில் வைத்திருந்தார் எவருமிலர். ஆதலின் மசீன் என்பார் முற்றிலும் புதியதோர் ஆடலை அமைத்தார். ஏழாண்டுகளுக்குள் ஒரு பெரும் படைப்பு மறைந்தவாறு இது.

இத்தகைய இழப்புக்களை ஈடுசெய்ய முயன்றோருள் றொபேட் ஜொவ்ரி குறிப்பிடத்தக்கவர். ஆப்கானியத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்த அவர், ஜெரால்ட் ஆர்ப்பீனோவுடன் சேர்ந்து 1956 இல் தமது குழுவைத் தோற்றுவித்தார். ஆறு ஆடற்கலைஞர் ஒரு மோட்டார் வண்டியில் ஊரூராகச் சென்று ஆடியதே அதன் தொடக்கம். புதியன படைப்பதோடு, முன்னோர் படைப்புக்களை மீட்பதும் தம் கடன் என ஜொவ்ரி கருதினார்.

மீட்கும் வழி ஒன்றன்று. ஆக்கியோன் உயிரோடிருப்பின் அவனிடமே கற்கலாம். குர்ட் யூஸ் 1932 இல் ஆக்கிய 'பச்சை மேசை'யை ஜொவ்ரி குழு 1967 இல் ஆடிற்று. மேசையைச் சூழ்ந்து வாதிடும் கறுப்புடைப் பிரமுகர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் தோன்றுவர். இடையில் கூற்றுவன் போர்வீரரையும் பெண்டிரையும் ஒருங்கே கொண்டுசெல்வான். வியட்நாம் போர் நிகழ்ந்த அக்காலத்தில் அஃது அமெரிக்க அவையோருக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை. 1917 இல் சாட்டியின் இசையோடும் பிக்காசோவின் ஓவியங்களோடும் அரங்கேறிய 'பரேட்' என்னும் ஆடலை, அதனை ஆக்கிய மசீனின் துணையோடு அக்குழு 1973 இல் புதுப்பித்தது.

'வசந்தச் சடங்'குக்கோ இவ்வழி அடைபட்டிருந்தது. நிஜின்ஸ்கி 1950 இலேயே காலமானார். மிலிசென்ற் ஹொட்சன் என்னும் ஆய்வாளரும், கலை வரலாற்றறிஞர் கெனத் ஆச்சரும் சிதறிக் கிடந்த சான்றுகளைத் தேடித் தொகுத்தனர். ஒத்திகையில் நிஜின்ஸ்கிக்குத் துணைநின்ற மேரி றம்பேட் இசையேட்டில் எழுதிய குறிப்புக்களும், வலன்ரீன் ஹியூகோ வரைந்த சித்திரங்களும், எஞ்சிய உடைகளும், அக்காலப் பத்திரிகை விமரிசனங்களும் அவற்றுட் சில. பல்லாண்டு உழைப்பின் பயனாக, 1987 செப்டெம்பர் 30 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜொவ்ரி குழு அதனை ஆடிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜொவ்ரி உலக வாழ்வை நீத்தார்.

அன்று ஆடப்பெற்றது நிஜின்ஸ்கியின் ஆடல்தானா என வினவினாருமுளர். அவ்வினா நியாயமானதே. சான்று கிடையாத இடங்களை ஊகத்தால் நிரப்பியே அது முழுமை பெற்றது. எனினும், கறையான் அரித்த சுவடியைப் பதிப்பிப்போரும் இவ்விடரையே எதிர்கொள்கின்றனர். சிதைந்தமை பற்றிச் சுவடியை எறிந்துவிடுதல் அறிவுடைமையன்று. சிதைவை மறைத்து முழுநூலெனக் காட்டுதலும் நேர்மையன்று. கிடைத்தது இது, ஊகித்தது இது எனப் பிரித்துணர்த்துவதே வரலாற்று நெறி. அந்நெறி நின்று நோக்கின், மீட்கப்பட்ட ஆடல் மூலத்தின் மறுபிறப்பன்று. மூலத்தைப் பற்றிய மிகச் சிறந்த உரையாம். எழுபத்துநான்கு ஆண்டுகள் பெயரளவில் மட்டும் எஞ்சிநின்ற ஓர் ஆடலைக் கண்ணாற் காணும் வாய்ப்பை அவ்வுரையே உலகுக்கு அளித்தது.