அமெரிக்காவில் மாநில வதிவாளர் கட்டணம்: கிரீன் கார்ட் மட்டும் போதாது

கிரீன் கார்ட் லொத்தரில் தெரிவாகிக் குடும்பத்தோடு அமெரிக்கா செல்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "உயர்தரம் முடித்த பிள்ளையைப் போனதும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா?" என்பதைத்தான். சேர்க்கலாம். எந்தக் கட்டணத்தில் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அங்கு அரச பல்கலைக்கழகங்களை நடத்துவது அந்தந்த மாநிலங்கள். மாநில மக்களின் வரிப்பணம் அவற்றுக்குச் செல்வதால் வதிவாளருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடப் பன்மடங்கு கட்டணம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2024-25 கல்வியாண்டில் வெளியாரிடம் வழமையான கட்டணத்துக்கு மேலதிகமாக 34,200 டொலர் அறவிட்டது. இதே தொகை நான்கு வருடங்களுக்கு 136,800 டொலர். வட்டிக்குக் கடன் வாங்க விரும்பாத ஒரு குடும்பத்துக்கு இது படிப்பா இல்லையா என்பதையே தீர்மானிக்கும் தொகை.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவை உதாரணமாக எடுத்தால், கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, விசா. கிரீன் கார்ட் உள்ளவர் தகுதி பெறலாம். எப்-1 மாணவர் விசாவில் செல்பவர் எத்தனை வருடம் தங்கினாலும் வதிவாளர் ஆக முடியாது.

இரண்டாவது, காலம். வதிவிடம் தீர்மானிக்கப்படும் திகதிக்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நோக்கம். படிப்பதற்காக மட்டும் வந்து தங்கியிருப்பது போதாது. சாரதி அனுமதிப்பத்திரம், மாநில வருமான வரிப் பத்திரம், வீட்டு வாடகை ஒப்பந்தம் போன்றவை சாட்சியாகும். வாக்காளர் பதிவும் சாட்சிகளில் ஒன்றுதான். ஆனால் அது பிரஜைகளுக்கு மட்டுமே உரியது. கிரீன் கார்ட் உள்ளவர் அதில் பதிந்தால் நாடு கடத்தப்படும் நிலைகூட வரலாம்.

நான்காவது, பெற்றோர். "நாங்கள் ஊரில் இருக்கிறோம், பிள்ளை மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும்" என்ற திட்டம் பெரும்பாலும் இங்கேதான் முறிகிறது. பெற்றோர் அம்மாநில வதிவாளராக இல்லாவிட்டால், 24 வயதுக்குக் குறைந்த பிள்ளை பொதுவாகத் தன் செலவைத் தானே சமாளித்ததை நிரூபிக்க வேண்டும்.

சிறு வயதில் சென்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கலிபோர்னியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, அங்கு மூன்று வருடம் உயர்நிலைப் பாடசாலையில் படித்துச் சித்தியடைந்தவருக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. மாணவர் விசாவில் இருப்போர் இதில் அடங்கார்.

வெளியார் என ஒருமுறை பதியப்பட்டவர் கடைசிவரை வெளியார்தான் என்றும் இல்லை. அப்படி நிரந்தரமாக முத்திரை குத்திய கனெக்டிகட் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1973இல் செல்லாது என்றது. ஆனால் இந்த மாற்றம் தானாக நடக்காது. மாணவரே விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டும்.

எனவே என் ஆலோசனை இதுதான். அவசரப்பட்டு முதல் வருடமே சேர்க்காதீர்கள். அந்த வருடத்தில் பிள்ளை வேலை செய்யட்டும், ஆங்கிலத்தை வளர்க்கட்டும். போய் இறங்கிய முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு பத்திரத்தையும் திகதியோடு கோவைப்படுத்தி வையுங்கள். ஒரு வருடப் பொறுமை, நான்கு வருடக் கடனைத் தவிர்க்கும்.