உத்தியோகமும் சுதந்திரமும்

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. இதில் இரண்டு குறைகள் உள. தீம்பாரில் பால் வெட்டியோருள் பெருந்தொகையினர் பெண்மக்களாய் இருந்தும், உத்தியோகத்தை ஆண்மகனுக்கே உரிய லட்சணமாக்கியது முதற்குறை. மனிதன் உத்தியோகத்தைப் பற்றியிருக்கிறானா, உத்தியோகம் மனிதனைப் பற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேளாமல் விட்டது இரண்டாவது குறை. இவ்விரண்டனுள் பின்னதே நம் சமூகத்திற்கு அதிகக் கேடு விளைத்தது என்பது நமது துணிபு.

இன்று செலாயாங்கில் உள்ள நம் வாலிபர்களை, எத்தகைய வேலை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். “நேரத்தை நாமே வகுத்துக்கொள்ளும் வேலை வேண்டும்” என்பார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மற்றொருவர் மொத்தச் சந்தையில் இரவெல்லாம் காய்கறிக் கூடை இறக்கிவிட்டுப் பகலில் உறங்குகிறார். வேறொரு சகோதரி குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதுகிறார். இவ்விருப்பத்தைச் சோம்பல் என்று பழிக்கும் பெரியோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் நம் வரலாற்றை மறந்தவர்கள். நேரமும் இடமும் தன் வசம் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக இந்நாட்டுத் தமிழன் நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடியிருக்கிறான். அப்போராட்டத்தின் வரலாற்றை அறிந்தாலன்றி, இன்று கிடைத்திருப்பது விடுதலையா, வெறும் நிழலா என்பதை நாம் பகுத்தறிய இயலாது.

ஒப்பந்த முறி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிற்கும் அதனை அடுத்த மாகாணத்திற்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் ஒப்பந்த முறியில் கைரேகை வைத்து வந்தவர்கள். கப்பற் கூலியும் முன்பணமும் கடனாய் அவர்கள் தலைமேல் ஏறின. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டுச் சென்றவன் குற்றவாளியாகக் கருதப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டான். ஒருவன் வேலையை விட்டு நிற்பது சிவில் வழக்காகாமல் கிரிமினல் குற்றமாக இருந்த காலம் அது. இந்த ஒப்பந்த முறையில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது.

இக்கட்டுக்கும் முற்பட்ட கட்டு ஒன்று உண்டு. அது ஊரில் நம்மவர் தாமே பூட்டிக்கொண்ட குலத்தொழில் என்னும் விலங்கு. இன்ன சாதியில் பிறந்தவன் இன்ன தொழிலே செய்ய வேண்டும் என்ற விதி, எந்த வெள்ளைக்காரனும் எழுதிய ஒப்பந்தமன்று; அதற்குத் தவணையும் இல்லை. கடல் கடந்தால் அவ்விலங்கு அறும் என்று நம்பி வந்தோர் பலர். பால்வெட்டும் கத்தி சாதி கேட்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் சாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்களும் இங்கே இருந்தன.

ஒரு மாத நோட்டீசு

ஒப்பந்த முறிக்குப் பின் கங்காணி முறை ஓங்கியது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்டக்காரர்கள் செலுத்திய வரியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டதால், வந்திறங்கிய தொழிலாளி சட்டத்தின் கண் கடனற்றவனாய் இறங்கினான். ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டு அவன் எத்தோட்டத்தையும் விட்டு நீங்கலாம் என்பது விதி. 1920-களின் தொடக்கத்தில், வேலையை விட்டதற்காகத் தண்டிக்கும் விதிகளும் எடுபட்டன.

ஏட்டிலே எழுதிய இந்த உரிமை லயத்திலே எவ்வளவு செல்லுபடியாயிற்று? கங்காணி தன் சொந்தக் கிராமத்திற்குச் சென்று உறவினரையும் ஊராரையுமே அழைத்து வந்தான். ஆகவே மேலாளும் அவனே, மாமனும் அவனே. தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஆளொன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவன் விலகினால் கங்காணியின் வருமானமும் குறையும். கடைக்கடனும், கலியாணக் கடனும், உறவின் தாட்சண்யமும் சேர்ந்து, சட்டம் அவிழ்த்த முடிச்சை மீண்டும் இறுக்கின.

வேலை நேரத்தையோ மரமே வகுத்தது. விடியுமுன் குளிர்ந்த வேளையில்தான் கித்தா மரத்தில் பால் நன்கு ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். எனவே இருள் பிரியாமுன் பிரட்டுக்கு நிற்பதும், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மேலும் இட்ட வேலையை முடிப்பதும் நாள்முறையாயின. எஞ்சிய பொழுதில் மாடு வளர்த்தும் காய்கறி பயிரிட்டும் நாலு காசு சேர்த்த குடும்பங்கள் உண்டு. தோட்டத் தமிழன் தன் வசம் வைத்திருந்த நேரம் அந்தச் சிறு பொழுது ஒன்றே.

கூலி வரலாறும் கருதத்தக்கது. 1920-களின் பிற்பகுதியில் கோலசிலாங்கூர் முதலிய வட்டாரங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமாயிற்று. விடியலில் இருவரும் ஒரே பிரட்டில் நின்றனர். கூலியில் மட்டும் பத்துக்காசு பேதம்! உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930-இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்திற்கும் மிகுதியான தமிழர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். ரப்பர் விலை ஏறியபோது அழைப்பதும் இறங்கியபோது அனுப்புவதும் முதலாளிக்கு மிக வசதியான நெகிழ்வன்றோ? நெகிழ்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழாமல், அது யார் கையில் இருக்கிறது என்று முதலிற் கேட்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஏணி ஏறியவர்

இதே நாட்டில் இதே காலத்தில் வேறு வகையாய் உயர்ந்த தமிழரும் இருந்தனர். இன்று செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அடங்கும் பத்துமலையிலும் ரவாங்கிலும் தம் பெயரை நிலைநாட்டிச் சென்ற கா. தம்புசாமிப் பிள்ளை அவர்களை எடுத்துக்கொள்வோம். 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் பயின்று, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாய் அமர்ந்தவர் அவர். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது உடன் வந்து, அரசாங்கக் கஜானாவில் தலைமைக் குமாஸ்தாவானார். பின்னர் உத்தியோகத்தை விட்டு ஈயத் தொழிலில் இறங்கினார். ரவாங்கில் லோக் இயூவுடன் கூட்டாக நடத்திய சுரங்கத்தில் 1894-இல் மின்சார இயந்திரத்தை அமைத்தார். இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. 1893-இல் விக்டோரியா கல்விக்கூடம் தோன்றியபோது அதன் தர்மகர்த்தர்களில் ஒருவராகவும் விளங்கினார்.

கோயில் கட்டியவர் என்றே அவரை நம்மவர் நினைவுகூர்கின்றனர். நாம் கவனிக்க விரும்புவது, அவர் உத்தியோகத்தை விட்ட செயலை. தோட்டத்துத் தமிழனால் விட முடியாத வேலையை அவரால் விட முடிந்தது எவ்வாறு? அவரிடம் கல்வி இருந்தது, கணக்கறிவு இருந்தது, குடியிருக்கும் வீடு எஜமானனின் தயவில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றுள் எது இருந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு அமைந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். படிப்பும் ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இரயில்வேயில் அமர்ந்தோரின் பிள்ளைகளுக்கு, நடந்துபோகும் தூரத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்தது. பிள்ளை குமாஸ்தாவாவதும் பால்வெட்டுவதும் பெரும்பாலும் தகப்பன் குடியிருந்த இடத்தைப் பொறுத்தே அமைந்தன. பால்வெட்டுக்காரன் மகன் பால்வெட்டுக்காரன் என்ற நிலை, குலத்தொழில் வேறு வேஷத்தில் வந்ததேயாகும்.

கிள்ளான், 1941

இந்நிலைமேல் எழுந்த பெருங்கிளர்ச்சி 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிதல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல், உற்றார் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோதல், கொடிய மேலாட்களை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்துதல். இவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார் எதிரிலும் ஆசிய உத்தியோகஸ்தர் எதிரிலும் சைக்கிளில் அமர்ந்து செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது!

சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதும் ஒரு குறையா என்று நகைப்போர் நகைக்கட்டும். சைக்கிள் அந்நாளில் தொழிலாளியின் சொந்தக் கால். அடுத்த தோட்டத்தில் என்ன கூலி என்று விசாரித்து வர அவனுக்கிருந்த வழி அது. அதனினின்று இறங்கச் சொல்வது, உன் கால் உனதன்று என்று நாள்தோறும் அவனுக்கு நினைவூட்டுவதாகும். துரைக்கு அடுத்தபடி அவன் இறங்கி நின்றது யாருக்கு முன்? செக்ரோல் எழுதும் கிராணி வர்க்கத்தைச் சார்ந்த நம்மனோருக்கு முன்னர்தான். ஆங்கிலம் படித்த தமிழன் தன் கல்வியை ஏணியாக்கித் தம்பியைத் தூக்கிவிடாமல், மேடையாக்கி அவன் தலைமேல் ஏறி நின்றால், கல்வி பெருகியும் சமூகம் உயராது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆனால் அதன் கோரிக்கைகள் மறையவில்லை.

வீடில்லாதவனுக்கு ஏது விடுதலை?

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிக் கூலிப் பேச்சு நடத்தும் பலம் வந்தது. அதே காலத்தில் வெள்ளையர் தோட்டங்களை விற்கத் தொடங்க, அவை துண்டாடப்பட்டன. வேலை போனவனுக்கு லயத்து வீடும் போயிற்று. இதைத் தடுக்கவே வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொழிலாளர் சேமிப்பைத் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1969-இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தமிழர் பிறந்த மண்ணாய்க் கருதிய நாட்டை விட்டு வெளியேறினர். பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களில் வந்து ஒதுங்கின.

இவ்வரலாற்றின் சாரம் இது: வேலையை விட்டு நீங்கும் உரிமை சட்டத்தில் மட்டும் இருந்து பயனில்லை. கைத்தொழிலும், சொந்த வீடும், சில மாதச் சேமிப்பும் உடையவன் கையில்தான் அந்த உரிமை உயிர் பெறுகிறது.

இன்றைய சட்டமும் நம் கடமையும்

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வாரத்தின் வேலை நேர உச்சவரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. பிரசவ விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. இவற்றோடு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள முதலாளியிடம் விண்ணப்பிக்கும் உரிமையையும் தந்தது. விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். எக்காரணம் போதுமானது என்று சட்டம் வரையறுக்கவில்லை என்பது குறையே. ஆயினும் கேட்பதையே குற்றமாகக் கருதிய காலத்தை நினைத்தால், இது சிறு பேறன்று. நம்மவருள் எத்தனை பேர், குறிப்பாக எத்தனை தாய்மார், இவ்வுரிமையை அறிவார்கள்?

மோட்டார் சைக்கிளில் பொட்டலம் சுமப்போரின் நிலை வேறு. அவர்களுக்கு மேலாள் கண்ணுக்குத் தெரிவதில்லை; கைப்பேசியே கங்காணி. ஓட்டத்திற்கு இவ்வளவு என்பது கூலி. விபத்து நேர்ந்தால் வருமானம் நின்றுவிடும். தம் வேலையைத் தாமே செய்வோர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. இத்தகைய தொழிலாளர்க்கென்றே தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. சட்டத்தைப் படித்துச் சந்தா செலுத்திப் பதிந்துகொள்வது நம் கடமை.

கைத்தொழிலுக்கு மதிப்புச் சீட்டும் வேண்டும். பட்டறையில் பத்தாண்டு உழைத்தும் சான்றிதழ் இன்மையால் உதவியாளாகவே காலங் கழிக்கும் வாலிபர்கள் செலாயாங்கில் இல்லையா? மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்புக்குச் சென்று படித்துப் பெறுவதோடு, பெற்ற அனுபவத்தை நிரூபித்தும் பெறலாம். மூன்று நிலைகளைக் கடந்தால் டிப்ளோமாவுக்கும் வழி உண்டு. இதை எடுத்துச் சொல்வதும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் ஆங்கிலமும் மலாயும் கற்ற நம் போன்றோர் செய்ய வேண்டிய தொண்டு. பேனா பிடித்த கை அன்று செக்ரோலில் பெயர் வெட்டியது. இன்று அதே கை விண்ணப்பத்தில் பெயர் எழுதட்டும்.

தோழர்களே! நேரம் உங்கள் வசமாக வேண்டும் என்று நீங்கள் விரும்புவது நியாயமே. அதற்காக யாரிடமும் நாண வேண்டுவதில்லை. ஆனால் வேலையில் சேருமுன், இதை விட்டு நீங்க நேர்ந்தால் நம் கையில் எஞ்சுவது யாது என்று கேளுங்கள். ஒரு தொழிலறிவு எஞ்சுமானால், சேமிப்பும் கூரையும் எஞ்சுமானால், அவ்வேலை உங்களை வளர்க்கிறது. ஒன்றுமே எஞ்சாதெனில் அது, எவ்வளவு நெகிழ்வாய்த் தோன்றினும், பழைய ஒப்பந்த முறியே. ஆணும் பெண்ணும் இக்கேள்வியைக் கேட்கத் துணியும் நாளில், அந்தப் பழமொழியைத் திருத்தி எழுதுவோம்: சுதந்திரத்தோடு கூடிய உத்தியோகமே மனித லட்சணம்.