குடி நீக்கிய நிலம்: நெய்வேலியைச் சுற்றி ஓராண்டு

சோழர் காலக் கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு இரண்டு தொடர்கள் அறிமுகமாகி இருக்கும். ஒன்று, 'குடி நீங்காத் தேவதானம்'. மற்றொன்று, 'குடி நீக்கிய தேவதானம்'. ஓர் ஊரோ நிலமோ கோயிலுக்குக் கொடுக்கப்படும்போது, அதில் முன்பே உரிமை பெற்றிருந்த குடிகள் தொடர்ந்து இருப்பார்கள் என்றால் முதலாவது. அவர்களை விலக்கிவிட்டுக் கொடுக்கப்பட்டது என்றால் இரண்டாவது. இங்கே 'குடி' என்பது உழுகின்றவரைக் குறிக்கிறதா, காணி உடையவரைக் குறிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் நாங்கள் இப்போது நுழையவில்லை. நிலம் கைமாறும்போது அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஒரு சொல்லாலாவது பதிந்து வைக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ நினைத்திருக்கிறார்கள். அது போதும்.

கடந்த ஓராண்டில் நண்பர்கள் நாங்கள் சென்ற ஊர்களில் மனத்துக்கு மிக நெருக்கமானவை எவை என்று ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நெய்வேலியிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவிலேயே இருப்பது தெரியவந்தது. வழக்கமான கோயில் உலாப் பட்டியலில் நெய்வேலிக்கு இடம் கிடையாது. சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஆர்ச் கேட்டைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவதே நம்மில் பலருக்கும் வழக்கம். அது பெரிய இழப்பு என்று இப்போது தோன்றுகிறது.

நெய்வேலியின் வரலாறு நீரில் தொடங்குகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டியபோது, நீரோடு கருமையான ஒரு பொருளும் மேலே வந்தது. அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் துறை இப்பகுதியில் துளையிட்டு ஆய்ந்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரிப் படுகையைக் கண்ணால் காண 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு மே மாதம் முறையாக வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த முதல் அனல்மின் நிலையமும் அதே 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. முதலியார் தம் நிலத்தில் அறுநூறு ஏக்கருக்கும் மேல் கொடுத்தார் என்பது நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் சொல்லும் செய்தி. அவருக்கு அங்கே சிலையும் உண்டு.

சுரங்கத்தை அதன் விளிம்பில் நின்று பார்ப்பவர்களுக்கு முதலில் அளவு பிடிபடாது. கீழே பொம்மைபோல் தெரிவது பல மாடி உயரமுள்ள இயந்திரம் என்பது, அதன் அருகில் ஒரு ஜீப் ஊர்வதைக் கண்ட பிறகே புரியும். பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சுரண்டிக் கன்வேயர் பட்டையில் கொட்டுகின்றன. பட்டை அதைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து சென்று, முன்பு வெட்டி முடித்த பள்ளத்தில் பரப்புகிறது. ஒரு டன் நிலக்கரிக்காக ஏறத்தாழ ஐந்து மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் அடியில் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், அந்நீர் படுகையை உடைத்துக்கொண்டு பீறிட்டுவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் இட்டு, இரவும் பகலும் நீரை இறைத்தபடி இருக்கிறார்கள். ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் நிலக்கரியை மேலே கொண்டுவந்த நீர், இன்று நிலக்கரிக்காக வெளியேற்றப்படுகிறது. சுற்றுப்புற ஊர்களில் கிணற்று நீர் ஆழத்துக்குப் போய்விட்டது என்ற குறையைக் கேட்காமல் அங்கே ஒரு தேநீர் குடித்து முடிக்க முடியாது.

நகரியம் வேறோர் உலகம். எண்ணிட்ட வட்டங்கள், நேர்க்கோட்டுச் சாலைகள், நிழல் மரங்கள், ஒரே முகம் கொண்ட குடியிருப்புகள். சண்டிகரைப் போலவோ பிலாயைப் போலவோ, விடுதலைக்குப் பிந்தைய இந்தியா தன்னைப்பற்றிக் கண்ட கனவை வரைபடமாக விரித்தால் இப்படித்தான் இருக்கும். இந்த ஒழுங்குக்கு நடுவே வேலுடையான்பட்டு முருகன் கோயில் நிற்கிறது. பெயரில் மட்டும் ஓர் ஊர் எஞ்சியிருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரமே காவடியோடு திரள்கிறது. அந்தக் கூட்டத்தில் முதியவர் ஒருவரிடம், "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டோம். ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, சுரங்கம் இருக்கும் திசையில் கையை மட்டும் நீட்டினார்.

நெய்வேலியின் கரி முதலில் தலைகாட்டிய இடம் நெய்வேலி அன்று. 1880களில் புதுச்சேரிக்கு அருகே பாகூரில் பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றுநீருக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரியைக் கண்டிருக்கிறார்கள். பாகூரின் பெயர் வரலாற்று மாணவர்களுக்கு வேறொரு காரணத்தால் தெரியும். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் இவ்வூருக்கு உரியவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததை அவை பதிகின்றன. மூலநாதர் கோயிலின் சுவர்களில் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் பார்த்த அந்த நாளை எங்கள் குழுவில் யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். ஓர் ஊர் முழுவதையும் பாடசாலைக்காக எழுதிக் கொடுத்த காலமும் இருந்திருக்கிறது.

அக்காலத்தில் நிலத்தின் எல்லையை வகுக்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். முதலாம் இராசராசனின் ஆனைமங்கலச் செப்பேடுகளில் இதனை விரிவாகக் காணலாம். நாட்டாரும் அதிகாரிகளும் உடன் நடக்க, எல்லாரும் பார்க்க நிகழ்ந்த செயல் அது. யானை மெதுவாக நடக்கும். ஆட்சேபம் சொல்ல விரும்பியவருக்கு நேரம் இருந்திருக்கும் என்பது எங்கள் ஊகம்.

இந்த யானையை நினைத்துக்கொண்டே கடலூரின் தேவனாம்பட்டினத்துக்குச் சென்றோம். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையைச் செஞ்சியின் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயரும் வைத்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் கண்ட அளவுகோல் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அதுவரை உள்ள நிலம். பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் ஆங்கிலேயர் வசமாயின. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கியது. யானை நடந்து முடிக்க ஒரு பகல் வேண்டும். குண்டுக்குச் சில நொடிகள் போதும். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்த இக்கோட்டையை 1758இல் லாலி கைப்பற்றித் தகர்த்தார். கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே இன்று காண்பதற்கு அதிகம் இல்லை. கற்பனை உள்ளவர்கள் மட்டும் போகலாம்.

பரங்கிப்பேட்டைக்கும் அப்படித்தான். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய களம் என்பதற்காகச் சென்ற நாங்கள், அங்கிருந்த இரும்பாலையின் கதையில் சிக்கிக்கொண்டோம். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி சேலத்துக் கனிமத்தைக் கொண்டு இங்கே இரும்பு உருக்கினார். எரிபொருள் மரக்கரி. காடுகள் குறையக் குறைய ஆலையும் நொடித்து, அந்த நூற்றாண்டு முடியுமுன்னே மறைந்தது. ஐம்பது கிலோமீட்டருக்குள் பூமிக்கடியில் இவ்வளவு கரி கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஈரம் பாதிக்கு மேல் கொண்ட பழுப்பு நிலக்கரி இரும்பு உருக்க அப்படியே உதவியிராது என்று எங்கள் குழுவின் பொறியியலாளர் உடனே குளிர்ந்த நீர் ஊற்றிவிட்டார்.

திருவக்கரைக் கல்மரங்களையும் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோயிலையும் ஒரே முற்பகலில் பார்த்தோம். இரண்டு கோடி ஆண்டுகள் பழைய மரங்களுக்கு முன்னால் ஆயிரம் ஆண்டுக் கோயில் நேற்றுக் கட்டியதுபோல் தோன்றியது. நெய்வேலியில் கரிக்கு மேல் கிடக்கும் அதே கடலூர் மணற்கல்தான் இங்கே மரங்களைக் காத்து வைத்திருக்கிறது. திருமுதுகுன்றத்திலும் அந்த அரசியாரின் கை உண்டு. விருத்தாசலம் என்று பெயர் மாறிய அவ்வூரைப்பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நெய்வேலியிலிருந்து மிக அருகில் இருப்பது வடலூர். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுக்க, 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வரிசையில் அமர்ந்து நாங்களும் உண்டோம். சாதி கேட்காத, சீட்டுக் கேட்காத சோறு. 1872இல் எழுந்த சத்திய ஞான சபையின் எண்கோண வடிவத்தைவிட, அதைச் சூழ்ந்த வெற்றுப் பெருவெளியே எங்களை அதிகம் ஈர்த்தது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் நின்று சோதி காண்பதற்கு அந்த வெறுமை வேண்டும். 2024இல் அப்பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் கட்டும் பணியை அரசு தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மனமுவந்து கொடுத்த நிலத்துக்கும், கொடுத்தவரின் சந்ததியினர் எதற்காகக் கொடுத்தோம் என்று நினைவூட்ட வருகிறார்கள். அவர்கள் பக்கமே எங்கள் மனம் சாய்கிறது.

கடைசியாகச் சென்றது வீராணம். முதலாம் பராந்தகனின் விருதுப் பெயரால் வீரநாராயணன் ஏரியான இதன் கரையில்தான் கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குகிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 முதல் இந்நீர் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து சென்னைக்கும் போகிறது. ஏரியிலிருந்து திரும்பும்போது சேத்தியாத்தோப்பு வழியாக வளையமாதேவிப் பக்கம் சென்றோம்.

2023 ஜூலை 26 அன்று இங்கேதான் பரவனாற்றை மாற்றுவதற்கான கால்வாய்க்காக, பொதி கட்டிய நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கின. பன்னிரண்டு கிலோமீட்டர் கால்வாயில் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் எஞ்சியிருந்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். பட்டயத்தின்படி அது உண்மைதான். ஆனால் அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் உழவர்கள் அதில் பயிரிட்டுக்கொண்டே இருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர் அந்தக் காட்சியைக் கண்டு வருந்திப் பேசினார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு பின்னர் உத்தரவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி உட்பட மூன்று புதிய நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலிலிருந்து மைய அரசு நீக்கியிருந்தது. 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம் முதலிய ஒன்றியங்களைக் காக்கிறது. ஆனால் சட்டம் வருமுன்பே எடுத்த நிலங்களின் கதை வேறு.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத்துக்கு வெளிச்சம் தந்த ஊரை நாங்கள் குறைத்துப் பேச விரும்பவில்லை. இக்கட்டுரையைத் தட்டச்சு செய்யும் மின்சாரத்திலும் நெய்வேலிக்குப் பங்கு இருக்கும். குடிகளுக்கு நேர்ந்ததைப் பதிந்து வைக்கும் பழக்கம் எங்கே போயிற்று என்பதே எங்கள் கேள்வி. கையகப்படுத்தும் அறிவிக்கையில் புல எண் இருக்கும், பரப்பு இருக்கும். அந்தக் கொல்லையில் நின்ற முந்திரிக்கும் பலாவுக்கும், அவற்றின் நிழலில் கும்பிட்ட சாமிக்கும் அதில் பத்தி கிடையாது. அந்த வேலையை இலக்கியம் எடுத்துக்கொண்டது. மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த மக்களைப்பற்றி 'வந்தாரங்குடி' என்ற நாவலை எழுதினார். அந்தத் தலைப்பைக் கல்வெட்டுத் தொடருக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இவ்வட்டாரத்தின் பேச்சைத் தொகுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' செய்தவரும் அவரே.

அந்த அகராதியை நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கினோம். 1998இல் தொடங்கிய கண்காட்சி அது. தமிழ்நாட்டின் பல மாவட்டத் தலைநகரங்கள் புத்தகக் கண்காட்சியை நினைத்தும் பார்க்காத காலத்தில், ஒரு சுரங்க நகரியம் அதைத் தொடங்கியது. வட்டங்களிலிருந்து சைக்கிளில் வந்த பிள்ளைகளும், சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பேருந்தில் வந்தவர்களும் ஒரே கடையின் முன் நின்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடையில் இருந்த கடைசிப் படி.