கோப்பித் துரு

கோப்பிச் செடியின் இலையைத் தாக்கும் பங்கசு நோய். நோயாக்கியின் விஞ்ஞானப் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். ஒரு நாட்டின் பெருந்தோட்டத் தொழிலை அடியோடு மாற்றிய தாவர நோய்களுள் இலங்கையில் இது நிகழ்த்தியதே அதிகம் பேசப்படுவது. இதே துருப்பங்கசு வரிசையைச் சேர்ந்த மேர்ட்டில் துரு இன்று நாவல், கொய்யா, யூகலிப்டஸ் மரங்களுக்கு அச்சுறுத்தலாக உலகைச் சுற்றிவருவதால், அதுவும் இக்கட்டுரையின் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளது.

இயல்பு

இப்பங்கசு உயிருள்ள இலையிலன்றி வேறெதிலும் வளராது. வித்தி இலையின் அடிப்புறத்தில் விழுந்து, நீர்த்துளி கிடைத்தால் முளைத்து, இலைவாய் வழியே உள்ளே நுழைகிறது. சில வாரங்களில் அவ்விடத்தில் வெளிர்மஞ்சள் பொட்டு தோன்றிச் செம்மஞ்சள் மாவாகப் பொரிகிறது. தொட்டால் விரலில் ஒட்டும். நோய்ப்பட்ட இலை காலத்துக்கு முன்பே உதிர்ந்துவிடும். செடி உடனே சாவதில்லை. அது மறுபடி தளிர்க்கும், தளிர் மறுபடி நோய்ப்படும். ஆண்டுக்கு ஆண்டு காய்க்கும் கொப்புகள் நுனியிலிருந்து காய்ந்துவரும். தளிர்த்த செடியைப் பார்த்து நோய் நீங்கிவிட்டது என்று இலங்கைத் தோட்டக்காரர் பல ஆண்டுகள் நம்பியதற்கு இந்த இயல்பே காரணம்.

நுணுக்குக்காட்டியில் வித்தி சிறுநீரக வடிவில் தெரியும். அதன் முதுகு முள் போன்ற நுண்புடைப்புகளுடனும் வயிறு வழுவழுப்பாகவும் இருக்கும். பல துருப்பங்கசுகள் தம் வாழ்க்கைவட்டத்தை முடிக்க இரண்டாவது தாவரம் ஒன்றை நாடுவதுண்டு. கோப்பித் துருவுக்கு அத்தகைய தாவரம் இருக்கிறதா என்பது ஒன்றரை நூற்றாண்டு ஆய்வுக்குப் பின்னும் தெளிவாகவில்லை.

தோற்றம்

அராபிக்காக் கோப்பியின் தாயகமான எதியோப்பியாவும் அதையடுத்த கிழக்கு ஆபிரிக்கப் பகுதிகளுமே நோயின் பிறப்பிடம் என்பது பொதுவான கருத்து. இலங்கைக்கு அது எவ்வாறு வந்தது என்பதில் உடன்பாடு இல்லை. 1868ஆம் ஆண்டு அபிசீனியாவுக்குப் (எதியோப்பியாவுக்கு) படையெடுத்த பிரித்தானியரும் இந்தியச் சிப்பாய்களும் திரும்பியபோது வித்திகள் உடன்வந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். காற்றோ கப்பல் சரக்கோ கொண்டுவந்தது என்பது மற்றொன்று. தென்னிந்திய, இலங்கைக் காடுகளில் இயற்கையாக வளரும் காட்டுக்கோப்பி இனமொன்றில் நோய் முன்பே இருந்தது, பெருந்தோட்டம் வந்ததும் பெருகியது என்று அக்காலத்தில் ஒரு சாரார் வாதிட்டனர். இவற்றுள் எதையும் உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லை.

நோய்க்கு முந்திய இலங்கை

ஒல்லாந்தர் காலத்தில் தாழ்நிலத்தில் சிறிதளவு கோப்பி பயிரிடப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் 1820களின் நடுப்பகுதியில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கன்னொறுவையில் கோப்பி நட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து அங்கே விளைச்சல் சரிந்தபின் இலங்கைக் கோப்பிக்குக் கிராக்கி ஏறியது. 1847இன் விலைவீழ்ச்சி பலரைக் கவிழ்த்தாலும் தொழில் மீண்டது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1870இல் ஏற்றுமதி பத்து லட்சம் அந்தரைத் தாண்டியது (ஓர் அந்தர் 112 இறாத்தல்). மலைச்சரிவுகளில் காடு வெட்டி எரிக்கப்பட்டு, இடையில் வேறு மரமின்றி மைல் கணக்கில் ஒரே பயிர் நின்றது.

இத்தோட்டங்களுக்கான கூலிகள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தோர் பலர். அவர்களது எண்ணிக்கை பற்றி அக்காலத்திலேயே சர்ச்சை இருந்தது. தோட்டக் கணக்கப்பிள்ளையாகப் பணியாற்றிய ஆபிரகாம் யோசேப்பு என்பவர் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாடுபொருளாக்கி இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்ததாகக் குறிக்கப்படுகிறது. காடு வெட்டுவது முதல் பயிர் வளர்ப்பது வரை ஒரு தொழிலையே தமிழ்க் கும்மியில் அடக்கிய நூல், அத்தொழிலைக் கொல்லவந்த நோய் முதலில் காணப்பட்ட அதே ஆண்டில் வந்தது என்பது இத்துறையில் உழைப்போர் எவரும் எளிதில் மறக்காத செய்தி.

1869 முதல் 1886 வரை

1869இன் நடுப்பகுதியில் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைத் தோட்டமொன்றில் சில ஏக்கர்ச் செடிகளில் மஞ்சள் பொட்டு காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் நோய்ப்பட்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆய்ந்துவந்த பாதிரியாரான பேர்க்லி, அதுவரை அறியப்படாத இனம் என்று கண்டு, அவ்வாண்டு நவம்பரில் தோட்டக்கலை இதழொன்றில் விவரணத்தை வெளியிட்டார். இனப்பெயரின் இரண்டாம் பகுதி பேரழிவு செய்வது என்னும் பொருளுடையது. தோட்டக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் வைக்கப்பட்ட பெயர் அது.

அடுத்த ஐந்தாண்டுக்குள் நோய் தீவின் எல்லாக் கோப்பி மாவட்டங்களுக்கும் பரவியது. இதற்கு மருந்து இல்லை என்று துவைற்ஸ் தொடக்கத்திலிருந்தே எச்சரித்தார். தோட்டச் சொந்தக்காரர் அதை ஏற்கவில்லை. மண் களைத்துவிட்டது, உரம் போதவில்லை, காலநிலை பிழைத்தது என்று காரணம் கூறிப் பிண்ணாக்கும் எலும்புத்தூளும் கொட்டினர். உலகச் சந்தையில் கோப்பி விலை எழுபதுகளில் ஏறியதால் விளைச்சல் குறைந்தும் வருமானம் குறையவில்லை. ஆகவே நோய் பரவிய அதே பத்தாண்டில் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கக் காடுகளும் வெட்டப்பட்டுப் புதுக்கோப்பி நடப்பட்டது. 1878 அளவில் பயிர்நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர். ஏக்கருக்கு நாலரை அந்தர் தந்த நிலமோ அப்போது இரண்டு அந்தர் அளவுக்கே இறங்கியிருந்தது.

பேராதனையின் துணைப் பணிப்பாளராக வந்த டானியல் மொரிஸ், 1879 வரை கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தூவும் முறையைச் சோதித்தார். செடியின் பட்டையிலும் இலையிலும் வெளியே படர்ந்து காணப்பட்ட இழைகளைத் துருவின் ஒரு பருவமென்று அவர் கருதினார். அவ்விழைகளை அழித்தால் நோய் அடங்குமென்பது அவர் நம்பிக்கை. அவர் ஜமேக்காவுக்கு மாற்றலாகிப் போனார்.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் வந்தார். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் தங்கி, அரசாங்கத்துக்கு அடுத்தடுத்து அறிக்கைகள் அளித்தார். வெப்பமண்டலத் தாவர நோயொன்றை ஒருவர் படிப்படியாகப் பின்தொடர்ந்த முதற் பெரும் ஆய்வு இதுவென்று கூறுவது மிகையன்று. மொரிஸ் கண்ட வெளியிழைகளுக்கும் துருவுக்கும் தொடர்பில்லை என்று வார்ட் காட்டினார். வித்திகளை நீர்த்துளியில் இட்டு முளைப்பதைப் பார்த்தார். முளைக்குழல் இலைவாயைத் தேடி நுழைவதை வரைந்தார். நுழைந்தபின் பங்கசு முழுவதும் இலைக்குள்ளேயே இருப்பதால், மேலே தூவும் எதுவும் அதைத் தொடாது என்றார். கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வந்த வித்திகளை அவற்றில் பிடித்தார். ஒரு பொட்டில் ஒன்றரை லட்சம் வித்திகள் வரை உண்டு என்று மதிப்பிட்டார். ஒரு சோடி இலைகளில் மட்டும் 127 பொட்டுகளை எண்ணினார்.

அவரது முடிவு இரண்டு. மருந்து இலைமேல் வித்தி முளைக்குமுன்பே இருக்கவேண்டும், முளைத்தபின் பயனில்லை. அத்துடன், ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே வித்தியை இத்தனை வேகமாக ஓடவிட்டது. காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் வேண்டும் என்றார். மருந்து கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைத்தது. அதில் அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. முன்கூட்டியே தெளித்துக் காக்கும் போர்டோக் கலவையைப் பிரான்சில் மிலார்டே வெளியிட்டது 1885இல். வார்ட் ஊர்போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கைக் கோப்பிக்கு அது உதவவில்லை. வார்ட் பின்னர் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியரானார், 1906இல் காலமானார்.

1882 அளவில் பச்சைச் செதில்பூச்சி வந்து எஞ்சிய செடிகளையும் வாட்டியது. கோப்பிக்குக் கடன் கொடுத்து உயர்ந்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. தோட்டங்கள் கைமாறின. அவ்வேளை தீவிலிருந்த ஐரோப்பியத் தோட்டத் துரைமார் 1,700 பேர் என்பர். அவர்களுள் 400 பேரே எஞ்சினர் என்று சில நூல்களும், 400 பேர் வெளியேறினர் என்று வேறு நூல்களும் கூறுகின்றன; பின்னதே நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்துக் கூற்று. பட்டுப்போன கோப்பித் தண்டுகள் பட்டையுரிக்கப்பட்டு, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்வதற்காக இங்கிலாந்துக்கு ஏற்றப்பட்டன என்றும் எழுதப்பட்டுள்ளது. 1889 அளவில் ஏற்றுமதி உச்சக்காலத்தின் பத்திலொரு பங்களவே.

இடையில் சிங்கோனா நடப்பட்டு, மிகையுற்பத்தியால் விலை வீழ்ந்து கைவிடப்பட்டது. லூல்கொந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. பிரித்தானியர் தேநீர் குடிக்கத் தொடங்கியதே இத்துருவால்தான் என்ற கதை பரவலாக உண்டு. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அவர்கள் சீனத் தேயிலைக்குப் பழகிவிட்டதால் அது பொருந்தாது.

வார்ட் வித்திகளை எண்ணினார். அதே தோட்டங்களில் கூலியின்றி நின்ற மனிதரை எவரும் அவ்வாறு எண்ணி வைக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவிலிருந்து பெருந்தொகையினரைத் துரத்தியபோது, அவர்கள் வந்துசேர்ந்த தொழில் மடிந்துகொண்டிருந்தது. நொடித்த தோட்டங்களில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி நின்றதும், கங்காணிக்குப் பட்ட கடன் தொழிலாளரோடு தோட்டம் தோட்டமாகப் போனதும் சிதறலான குறிப்புகளாகவே கிடைக்கின்றன. விளைவு மட்டும் தெளிவு. கோப்பிக்குப் பறிப்புக்காலத்தில்தான் ஆள் தேவை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகத்தின் நிலையான குடியிருப்பு இந்த மாற்றத்தோடு பிணைந்தது. அச்சமூகத்தின் பெரும்பாலோருடைய குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது.

பிற நாடுகளில்

தென்னிந்தியாவில் 1870ஐ ஒட்டியும் சுமாத்திரா, ஜாவாவில் எழுபதுகளின் பிற்பகுதியிலும் நோய் பதிவாயிற்று. நிழல்மரங்களுக்குக் கீழே பயிரிட்ட குடகு, மைசூர்த் தோட்டங்கள் நட்டப்பட்டும் பிழைத்தன. பாலேஹொன்னூர் ஆய்வுநிலையத்தில் உருவான எஸ். 795 என்ற எதிர்ப்பு வகை இன்றும் பயிராகிறது. துருவிலும் பல உடற்றொழில் இனங்கள் உள்ளன என்பதை டபிள்யூ. டபிள்யூ. மேய்ன் அங்கேதான் 1930களில் கண்டார். 1955இல் போர்த்துக்கல்லின் ஒயிராஸில் துருவுக்கென்றே ஆய்வு மையம் நிறுவப்பட்டது. 1970 ஜனவரியில் நோய் பிரேசிலில் தோன்றியது. வித்தி அத்திலாந்திக்கைக் காற்றில் கடந்ததா, மனிதர் கொண்டுசென்றனரா என்பது முடிவாகவில்லை. பரவலில் காற்றுக்கு உள்ள பங்கு பற்றி வார்ட் கூறியதையே கென்ய ஆய்வாளர் சிலர் 1960களில் மறுத்து, மழைத்துளிச் சிதறலே முதன்மை என்றனர். இரண்டுக்கும் பங்குண்டு என்பது இப்போதைய நிலைப்பாடு. 2012இல் மத்திய அமெரிக்காவில் நோய் கொள்ளைநோயாகப் பெருகியது; 2020இல் ஹவாயிலும் கண்டது.

மேர்ட்டில் துரு

ஆஸ்ட்ரோபக்சினியா சிடியை எனப்படும் இப்பங்கசு 1884இல் பிரேசிலில் கொய்யா இலையிலிருந்து விவரிக்கப்பட்டது. கோப்பித் துரு ஒரே பேரினத்தோடு நிற்க, இது கொய்யா, நாவல், ஜம்பு, கராம்பு, யூகலிப்டஸ் அடங்கிய குடும்பத்தின் நூற்றுக்கணக்கான இனங்களைத் தாக்கவல்லது. இளந்தளிரிலும் பூவிலும் பிஞ்சிலும் பளிச்சென்ற மஞ்சள் தூள் படியும். 1970களில் பிரேசிலின் யூகலிப்டஸ் தோட்டங்களைத் தாக்கியது. 2005இல் ஹவாயில் ஜம்பு மரங்களைப் பெருமளவில் பட்டுப்போகச் செய்தது. 2010இல் அவுஸ்திரேலியாவையும் 2017இல் நியூசிலாந்தையும் அடைந்தது. அவுஸ்திரேலிய நாட்டுமரங்களுள் சில இன்று அழிவின் விளிம்பில் உள்ளன. சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் 2016இல் பதிவாகியது.

இலங்கையில் நாவல் பேரினத்தைச் சேர்ந்த பல மரங்கள் வேறெங்கும் இல்லாதவை. ஹோட்டன் சமவெளி மேகக்காடுகளில் அவை முக்கிய இடம் வகிக்கின்றன. கோப்பி அழிந்தபின் தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்காக வந்த யூகலிப்டஸ் இன்று மலைநாட்டிலும் வரண்ட வலயத்திலும் காட்டுத்தோட்டமாக நிற்கிறது. வடக்கில் பெருந்தோட்டம் இல்லை. ஆயினும் புத்தூர், நவக்கிரி, அச்சுவேலிப் பக்கச் செம்மண் வளவுகளில் கொய்யாவும் ஜம்புவும், வெளிகளில் நாவலும் உண்டு. இவ்வூர்களின் பிள்ளைகள் பலர் சிட்னியிலும் மெல்பேர்னிலும் வாழ்கின்றனர், திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்துபோகின்றனர். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றிச் செடி கொண்டுவருவதைத் தடுக்கிறது. ஆனால் வித்தி உடுப்பிலும் சப்பாத்திலும் ஒட்டி வரக்கூடியது.

அவுஸ்திரேலியாவிலிருந்து வருவோர் நாற்றோ, பதியமோ, பூங்கொத்தோ கொண்டுவரக் கூடாது. அங்கே தோட்டத்தில் போட்ட உடுப்பைத் தோய்த்து, சப்பாத்தைக் கழுவியே பெட்டியில் வைக்கவேண்டும். கொய்யாத் தளிரில் மஞ்சள் தூளைக் கண்டால் கொப்பை முறித்து எடுத்துச்செல்லாமல், படம் பிடித்து, அப்பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவியுங்கள்.