மூக்குப்பொடி டப்பாவிலிருந்து கல்லடி வரை

'புரொஜெக்ட்' என்றால் என்னவென்று தெரியாத ஆச்சியை மட்டக்களப்பில் காண்பது அரிது. எங்கோ இருப்பவர் காசு கொடுக்க, இங்கே பள்ளிக்கூடம் எழும்பும். இந்த ஏற்பாட்டுக்கு 1792இல் திட்டம் எழுதியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் கேரி. செருப்புத் தைத்துப் பிழைத்துப் பின் போதகரானவர். வணிகக் கம்பனிகள் பங்கு சேர்த்துக் கப்பல் விடுவதைப்போல மதப்பணிக்கும் சங்கம் கூட்டலாம், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போதும் என்றார். அந்த வருடமே கெற்றரிங்கில் 13 பவுண், 2 சிலிங், 6 பென்ஸ் தருவதாக எழுதிக்கொடுத்தார்கள். சீட்டுகள் விழுந்தது ஒரு மூக்குப்பொடி டப்பாவில்!

மெதடிஸ்தர் சும்மா இருப்பார்களா? 1813இல் லீட்ஸில் சங்கம் கூட்டினார்கள். அவ்வருடக் கடைசியில் தோமஸ் கோக் சில இளைஞர்களோடு இலங்கைக்குக் கப்பலேறினார். வழியில், 1814 மே மாதம், நடுக்கடலில் இறந்துபோனார். செலவுப் பொறுப்பெல்லாம் அவரிடம்தான் இருந்தது. பம்பாயில் கையைப் பிசைந்து நின்றவர்களைக் கப்பல் கப்டன் ஒரு வணிகரிடம் அனுப்ப, லண்டன் சங்கத்தை நம்பி அவர் கடன் கொடுத்தார். அவர் பெயர் மனி. நான் கதை கட்டவில்லை.

அப்படி வந்து சேர்ந்த வில்லியம் ஓல்ட் அதே 1814இல் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கி, மறு ஏப்ரலில் கண்மூடினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது.

வித்தை கைமாறியது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் பள்ளியில் படித்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி திறந்தார். பிரசங்கம், அச்சகம் எல்லாம் பாதிரிமார் வழிதான். விவேகானந்தர் 1897இல் தொடங்கிய அமைப்புக்குப் பெயரே 'மிஷன்'. கல்முனை மெதடிஸ்தப் பள்ளியில் படித்த காரைதீவு விபுலானந்தர் அந்த மிஷனில் சேர்ந்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தை நிறுவினார். வாரம் ஒரு பென்னி போட்ட ஆங்கிலேயர் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1960களில் உதவி பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு யுத்தம், என்.ஜி.ஓ. வாகனங்கள், 2004 டிசெம்பரில் சுனாமி. பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டொலர் நிதி திரண்டதாகப் பின்னர் ஒரு கூட்டு மதிப்பீடு கணக்கிட்டது. அதே வருடம் வங்கதேச வெள்ளத்தில் தவித்தவருக்கு 3 டொலர். தொலைக்காட்சியில் தெரிந்த அலைக்குத்தான் காசு. இலங்கைக் கரைகளில் சில இடங்களில் மீனவருக்குத் தேவைக்கு மேலேயே படகுகள் வந்திறங்கின.

பென்னிக் காசு சிறிது; ஆனால் வாரந்தோறும் வந்தது, ஆசிரியரின் சம்பளத்துக்கும் ஆனது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம்மவர் கட்டடத்துக்குத் தாராளமாகத் தருகிறார்கள், திறப்புவிழாக் கல்லில் பெயரும் பொறிக்கப்படுகிறது. அந்தக் கட்டடத்துக்குள் பாலர் வகுப்பு நடத்தும் பிள்ளையின் மாதச் சம்பளத்தை யார் தருவது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.